வரட்டுமா, குரோம்பேட்டை?

தாம்பரத்தில் காலை எட்டு மணி வண்டியைப் பிடிப்பது என்பது ஒரு தனி வித்தை. படி இறங்கும்போதே கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக் கூடையை முன்னால் நீட்ட வேண்டும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் பெட்டிக்குள் புகுந்துவிட வேண்டும். பல வருஷங்களாக இந்த வித்தையைப் பழகியவள் நான். ஆகவே அன்றைக்கும் எனக்கு ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்துவிட்டது.

எதிர் வரிசையில் ஒரு பாட்டி. சுத்தமாகத் தோய்த்து உலர்த்திய கைத்தறிப் புடவை, மடியில் ஒரு துணிப்பை, நெற்றி நிறைய விபூதி. வண்டி நகர்ந்ததுதான் தாமதம், பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "வரட்டுமா, தாம்பரம்?" என்று சத்தமாகவே கேட்டாள். இரண்டு நிமிஷத்தில் அடுத்த ஸ்டேஷன். வண்டி கிளம்பியதும், "வரட்டுமா, சானடோரியம்?" அதற்கும் அடுத்ததில், "வரட்டுமா, குரோம்பேட்டை? சாயங்காலம் பார்க்கலாம்!"

பக்கத்தில் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சரியான கிராக்குடி!" என்றாள் ஒருத்தி.

"கீழ்ப்பாக்கம் கேஸ். வழியிலே இறக்கி விட்டுட்டுப் போயிடலாமா?" என்றாள் மற்றவள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி, சேலையூரிலிருந்து தினம் வருகிறவர். என் தொடையில் மெல்லத் தட்டினார். "ஏம்மா, நீ பத்திரிகையிலே எழுதறவதானே? நாற்பது வருஷமா நானும் இந்தக் கிராக்கு, கிராக்குன்னு கேட்டுண்டிருக்கேன். அது தமிழா, இங்கிலீஷா? எங்கேருந்து வந்தது? ஒரு நாள் எழுதேன்!" என்றார்.

மாமி விளையாட்டாகக் கேட்டார். எனக்கு விளையாட்டாக இல்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

விரிசல் விட்ட சொல்

கிராக்கு என்பது இங்கிலீஷ்தான். விரிசல் என்பதற்கு ஆங்கிலத்தில் 'கிராக்' என்பார்கள். மூளையில் விரிசல் விட்டவன் என்று கிறுக்குத்தனமான ஆசாமிகளைக் குறிப்பது அந்த நாட்டிலேயே பழைய வழக்கம். பானை விரிசல் விட்டால் தண்ணீர் நிற்காது. அதுபோல இவன் மூளையில் புத்தி நிற்கவில்லை என்று கேலி. கப்பல் ஏறி வந்த எத்தனையோ சொற்களைப் போல இதுவும் சென்னையில் இறங்கி, வாலில் ஒரு 'உ'வை ஒட்டிக்கொண்டு குடித்தனம் போட்டுவிட்டது.

ஆனால் வந்த சொல்லெல்லாம் நிலைத்துவிடுவதில்லையே! கிராக்கு மட்டும் இப்படி ஊன்றிக்கொண்டதற்கு, என் அபிப்பிராயத்தில், ஒரு காரணம் உண்டு. நம்மிடம் ஏற்கெனவே 'கிறுக்கு' இருந்தது. தலை கிறுகிறுக்கிறது என்கிறோம்; கிறுகிறுப்பு என்கிறோம்; குழந்தை சுவரில் இஷ்டத்துக்குக் கோடு போட்டால் கிறுக்குகிறது என்கிறோம். அரைக் கிறுக்கு என்று ஊர்ப்பக்கத்தில் சொல்லாத வீடில்லை. கிறுக்கு போட்டு வைத்த பாயிலே கிராக்கு வந்து உட்கார்ந்தது. ஓசை ஒன்று, பொருளும் ஒன்று. யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று கண்டுபிடிப்பதே இப்போது கஷ்டம்.

இதனோடு கிராக்கியைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறு குடும்பம். வாங்க வருகிறவனைக் குறிக்கும் வடநாட்டுச் சொல் அது. 'தக்காளிக்கு ஏகக் கிராக்கி' என்று நாம் விலைவாசியைச் சொல்லும்போது வருவதும், வண்டிக்காரர்கள் சவாரிக்கு வருகிறவரைக் கிராக்கி என்று அழைப்பதும் இதுதான். அந்தக் கிராக்கிக்கு முன்னால் ஒரு சாவைச் சேர்த்துச் சென்னையில் செய்த வசை எல்லாருக்கும் தெரியும். வண்டிக்குக் குறுக்கே ஓடி வருகிறவன், சாவைத் தேடி வந்த வாடிக்கைக்காரன்! கோபத்தில் பிறந்த சொல்தான். ஆனால் கற்பனை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சொல் போலிருக்கிறது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்த காலத்தில் உடம்பில் பித்தம் ஏறினால் புத்தி தடுமாறும் என்று எண்ணினார்கள். பித்து, பித்தன், பைத்தியம் எல்லாம் அந்தப் பித்தத்தின் பிள்ளைகள். இயந்திரம் வந்தது, நட்டு கழன்றவன், மறை கழன்றவன் என்றோம். ஆங்கிலத்தில் திருகாணி தளர்ந்தவன் என்பார்கள். அந்தத் தளர்வுதான் நம் 'லூசு'. உடம்பு பித்தப்பையாக இருந்தது போய் மெஷினாகிவிட்டது, அவ்வளவுதான்.

பித்தன் என்ற சொல்லுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. புத்தூரில் நடக்கவிருந்த தம் கல்யாணத்தைத் தடுத்து, ஓலையைக் காட்டி "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடிய கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். வந்தவர் சிவபெருமான் என்று பிறகுதான் தெரிந்தது. வாய் அடைத்து நின்றவரிடம், ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னாராம் இறைவன். பெரியபுராணம் சொல்லும் கதை இது. வசைச் சொல் கோயிலுக்குள் போய்விட்டது!

எல்லாச் சொல்லுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்குமா? முக்கியமாக, கல்லூரிப் பெண் சொன்ன இரண்டாவது சொல்லுக்கு?

ஊர்ப் பெயர் செய்த பாவம்

கீழ்ப்பாக்கம் என்பது ஓர் ஊரின் பெயர். பாக்கம் என்றால் குடியிருப்பு. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இந்த ரயில் பாதை நெடுகப் பாக்கங்கள்தாம். அவற்றில் ஒன்று மட்டும் வசையாகிவிட்டது. அங்கே மனநோய் ஆஸ்பத்திரி இருப்பதுதான் அது செய்த பாவம்.

இந்தப் பாவத்தைச் செய்தது நம் கீழ்ப்பாக்கம் மட்டும் இல்லை. கோழிக்கோட்டில் குதிரவட்டம், திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை, வடக்கே ஆக்ரா, ராஞ்சி, கொழும்புப் பக்கத்தில் அங்கொடை, மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான்: அந்தந்த ஊர்க்காரர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். லண்டனில் 1247-ல் பெத்லகேம் பெயரில் ஏற்பட்ட மடம் பிறகு மனநோயாளிகளுக்கான இடமாயிற்று. அந்தப் பெயர் மக்கள் வாயில் 'பெட்லம்' என்று தேய்ந்து, ஆங்கிலத்தில் பெருங்கூச்சல், குழப்பம் என்ற பொருளையே பெற்றுவிட்டது.

நம் நாட்டு ஊர் ஒன்றும் ஆங்கில அகராதியில் இப்படி ஏறியிருக்கிறது. நாசிக் பக்கத்தில் உள்ள தேவ்லாலியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகாம் இருந்தது. சேவைக் காலம் முடிந்தவர்கள் ஊர் திரும்பக் கப்பலுக்காக அங்கே மாதக்கணக்கில் காத்துக்கிடப்பார்கள். வேலை இல்லை, வெயில், காய்ச்சல், வீட்டு நினைவு! சிலர் ஒரு மாதிரி ஆகிவிடுவார்கள். 'தேவ்லாலி தாப்' என்றார்கள். தாப் என்றால் காய்ச்சல். அந்தத் தேவ்லாலி 'டூலாலி'யாகி, இன்றைக்கும் கிறுக்குப் பிடித்தவரைக் குறிக்க இங்கிலாந்தில் புழங்குகிறது. அந்தச் சிப்பாய்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கப்பல். கிடைத்தது ஒரு கேலிப்பெயர்!

சானடோரியத்துக்கு என்ன ஆயிற்று?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தபோது, பாட்டி விடைபெற்றுக்கொண்ட ஸ்டேஷன் ஒன்று மனத்தில் பளிச்சென்று பட்டது. சானடோரியம்!

தாம்பரத்தில் வீடு தேடுகிறவர்கள் இன்று, "சானடோரியத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்ளாட் வருகிறது, விட்டுவிடாதே" என்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் கூசாமல் அந்தப் பெயரை அச்சடிக்கிறார்கள். ஆனால் நம் பாட்டிமார் காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். சானடோரியம் என்றால் க்ஷயரோகம். க்ஷயரோகம் என்றால் முடிவு.

1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பவர் இங்கே காசநோய்க்காரர்களுக்கு ஆரோக்கிய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நல்ல காற்று, திறந்த வெளி, ஓய்வு, ஆகாரம் என்பதுதான் அந்நாளில் சிகிச்சை. இங்கிலாந்தில் மென்டிப் மலைப்பகுதியிலும் அவர் ஓர் ஆரோக்கிய நிலையம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் நோயுற்றபோது அங்கே சில காலம் அவருடைய கவனிப்பில் இருந்தார். 1937-ல் தாம்பரம் நிலையத்தைச் சென்னை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ரயில்வேக்காரர்கள் பக்கத்து ஸ்டேஷனுக்கும் அதே பெயரை வைத்தார்கள். 1931 முதல் மின்சார வண்டிகள் ஓடிய பாதை இது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அந்தப் பெயரைப் படித்தார்கள், பயந்தார்கள்.

அந்தப் பயம் எப்படிப் போயிற்று? பெயரை மாற்றினார்களா? இல்லை. அந்தப் பெயரைச் சொல்லாதே என்று சட்டம் போட்டார்களா? அதுவும் இல்லை. மருந்து வந்தது. மருந்தோடு இன்னொன்றும் வந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அங்கே ஒரு சோதனை செய்தார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தை அவரவர் வீட்டில் இருந்தபடியே கொடுத்தார்கள். வீடு என்றால் மாளிகை இல்லை. நெருக்கடியான ஏழைக் குடித்தனங்கள், ஆகாரமும் போதாது.

1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த பெண்டு பிள்ளைகளுக்கும் அதனால் அதிக ஆபத்து நேரவில்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிய ஆராய்ச்சி இது. நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டியதில்லை, மனைவியின் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் பிழைக்கலாம் என்று சென்னைப் பட்டணம் உலகத்துக்குச் சொன்னது.

மறுபடி ஒரு தடவை அந்தப் பெயர் பயமுறுத்தியதும் உண்டு. 1993 முதல் எய்ட்ஸ் நோயாளிகளை இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். வேறு கதி இல்லாதவர்கள் தூர தூர ஊர்களிலிருந்து வந்தார்கள். பழைய பயம் புது உடுப்பில் திரும்பி வந்தது. 2004 ஏப்ரலில் நாட்டில் முதன் முதலாக அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் இதுவும் ஒன்று. மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆனார்கள். பயம் மறுபடி இறங்கியது.

ஆகவே ஒரு சொல்லின் அழுக்கு வெளுப்பது நாக்கில் அல்ல, ஆஸ்பத்திரி வாசலில். போனவர் திரும்பி வர ஆரம்பித்தால் அந்தப் பெயர் தானாகச் சுத்தமாகிவிடுகிறது.

மேடவாக்கம் எங்கே இருக்கிறது?

அப்படியானால் கீழ்ப்பாக்கத்தின் வாசல் எப்படி இருக்கிறது? ஒரு நாள் சேத்துப்பட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். "மேடவாக்கம் டேங்க் ரோடு" என்றேன். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடவாக்கமா? அது தாம்பரத்துக்கிட்ட இல்ல இருக்குது! இங்க வந்து கேக்கிறியேம்மா?" என்றார். தெற்கே ஒரு மேடவாக்கம், வடக்கே ஒரு மேடவாக்கம் டேங்க் ரோடு. தாம்பரத்திலிருந்து கிளம்பிய எனக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

"கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி" என்று விளக்கியதும் மறு பேச்சில்லை. வண்டி கிளம்பியது. வழியில் ஒருவர் கையில் போனுடன் குறுக்கே வந்தார். "யோவ், சாவு கிராக்கி!" என்று அவருக்கு ஓர் அர்ச்சனை நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுரைக்கு வேண்டிய சொல் தானாக வந்து விழுந்ததே! ஆனால் ஆஸ்பத்திரி நெருங்க நெருங்க அவர் குரல் தணிந்தது.

"உள்ள யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க. பத்திரிகைக்கு எழுதறதுக்காக வந்தேன்."

சிறிது நேரம் பேசாமல் ஓட்டினார். "என் தம்பி இருக்கான்மா. மாசா மாசம் இங்கதான் மாத்திரை வாங்குறான். மெக்கானிக்கு. கைராசிக்காரன். வீட்டாண்ட யாருக்கும் சொல்லல" என்றார். பிறகு அவசரமாக, "எழுதிடாதம்மா" என்றும் சேர்த்துக்கொண்டார். யார் என்று அடையாளம் தெரியாமல் எழுதலாமா என்று கேட்டேன். "அது பரவால்ல. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1794-ல், கானலி என்ற சர்ஜன் சென்னையில் தொடங்கிய மனநோயாளர் விடுதிதான் இதற்கு மூலம். இப்போதுள்ள இடத்துக்கு 1871-ல் வந்தது. 'பைத்தியக்கார விடுதி' என்ற பொருள்படும் பழைய பெயர் போய் 1922-ல் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரி ஆயிற்று. 1978-ல் மனநலக் கழகம் ஆயிற்று. பெயர்ப் பலகை இரண்டு தடவை மாறியும் மக்கள் வாயில் அது கீழ்ப்பாக்கமேதான். பலகை மாறினால் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வாசலைத் திறக்க முயன்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஒரு பெண்மணி. டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை இந்த ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். நோய் தணிந்தவர்களுக்குக் கையில் ஒரு வேலை, வீட்டில் ஓர் இடம், இரண்டும் கிடைத்தால்தான் வைத்தியம் முடிந்ததாக அர்த்தம் என்பது அவர் கொள்கை. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-ல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார்.

காலையில் அந்த ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பகுதியைப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரியையும் போலத்தான் இருக்கிறது. சீட்டு வாங்க வரிசை. மகனுக்குத் தோசை ஊட்டும் தாய். புருஷனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யும் மனைவி. மாத்திரைப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் அடியில் வைத்து மேலே கைக்குட்டையால் மூடும் ஒரு பெண். வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறவர்கள். வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் நம் வாயில் மட்டும் அது இன்னும் பூட்டியே கிடக்கிறது.

பெரியம்மாவின் ஆறு வருஷம்

இப்போது என் சொந்தக் கதை. மாமி கேட்டபோது எனக்கு விளையாட்டாக இல்லை என்று சொன்னேனே, அது இதனால்தான்.

என் பெரியம்மா எங்களோடு கிழக்குத் தாம்பரத்தில் இருந்தாள். நான் அப்போது நாலாம் வகுப்பு. பெரியம்மா ராத்திரியில் தூங்குவதில்லை. வாசல் பூட்டை எழுந்து எழுந்து இழுத்துப் பார்ப்பாள். கடைக்காரர் கொடுத்த சில்லறையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். ஒரு நாள் என்னோடு படிக்கிற பெண் வீட்டுக்கு வந்தாள். "அது யாரு?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. "அது ஒரு கிராக்கு" என்று சொல்லிவிட்டேன்.

பெரியம்மா பின்னால்தான் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல எனக்குத் தயிர்சாதம் பிசைந்து, நடுவில் நார்த்தங்காய் வைத்துக் கட்டிக்கொடுத்தாள்.

டாக்டரிடம் காட்டலாம் என்று அப்பா பல தடவை சொன்னார். பாட்டிதான் தடுத்தாள். "ஆஸ்பத்திரின்னு படி ஏறினா ஊரெல்லாம் கீழ்ப்பாக்கம்னு பேரு வைக்கும். அவ பொண்ணை அப்புறம் யார் கட்டிப்பா?" என்றாள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். அக்காவின் கல்யாணம் நடக்கும் வரையில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு ஆறு வருஷம்!

கடைசியில் ஒரு டாக்டரிடம் போனபோது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "இதற்கு மாத்திரை இருக்கிறதே. முன்னாலேயே வந்திருக்கலாமே!" எங்கள் வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மாவைத் தடுத்தது நோய் இல்லை, பணம் இல்லை, தூரம் இல்லை. ரயிலேறினால் ஒரு மணி நேரம்! ஒரு சொல் தடுத்தது. அந்தச் சொல்லை வீட்டுக்குள்ளேயே சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

பெரியம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். ராத்திரி ஒரு மாத்திரை. காலையில் முதல் ஆளாக எழுந்து கோலம். கோடை வந்தால் மொட்டை மாடியில் அவள் பிழிந்து காயவைக்கும் வடாத்துக்கு எங்கள் தெருவில் ஏகக் கிராக்கி! சில்லறையைக் கழுவும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. "எத்தனை பேர் கை பட்டது, கழுவினால் என்ன?" என்கிறாள். அது வியாதி இல்லையாம், சுபாவம். டாக்டரே சொல்லிவிட்டார்.

சுபாவம் வேறு, வியாதி வேறு என்பதைத்தான் இந்தக் கிராக்கும் லூசும் மறைத்துவிடுகின்றன. சற்று வேறு மாதிரி வாழ்கிறவருக்கும் அதே பெயர். நிஜமாகவே துன்பப்படுகிறவருக்கும் அதே பெயர். முதலாமவரைச் சும்மா விட்டால் போதும். இரண்டாமவரை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பது மட்டும் எதற்கும் உதவாது.

சிரிப்போடு போய்விட்டாலும் பரவாயில்லை. மறைத்து வைப்பதன் மறுபக்கம் பயங்கரமானது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் இருபத்தெட்டுப் பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்கிறது. சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், தமிழிலேயே பேசி ஆலோசனை பெறலாம், காசு கிடையாது. இந்த எண்ணைக் காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள். யாருக்கு, எப்போது வேண்டியிருக்கும் என்று யார் கண்டது?

பாட்டி இறங்கிய இடம்

ரயிலில் விட்டுவந்த பாட்டியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு மாம்பலத்தில் கூட்டம் கலைந்ததும் நான் எதிர் வரிசைக்கு மாறி உட்கார்ந்தேன். "ஏம்மா, ஒவ்வொரு ஸ்டேஷன்லேயும் சொல்லிக்கிட்டு வர்றீங்களே, ஏன்?" என்று கேட்டேன்.

பாட்டி சிரித்தாள். வாயில் பாதிப் பல் இல்லை. சிரிப்பு முழுசாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு இந்த லைன்ல கார்டா இருந்தாரும்மா. மீட்டர் கேஜு காலத்துல. பச்சைக் கொடி ஆட்டுறப்ப ஸ்டேஷனைப் பார்த்து 'வரட்டுமா'ன்னு சொல்லிட்டுத்தான் விசில் ஊதுவாரு. கேலி பண்ணுவேன். இப்ப அவரு இல்ல. யாராச்சும் சொல்லணுமில்ல? பேத்தியைப் பார்க்க எழும்பூருக்குப் போறப்பல்லாம் நான் சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

கிண்டியைத் தாண்டும் வரை சிரித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் இருவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவள் மெதுவாக, "பாட்டி, கோடம்பாக்கம் வருது" என்று நினைவூட்டினாள்.

"அடியம்மா, மறந்தே போச்சே!" என்று பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மாமிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான். கிராக்கு இங்கிலீஷிலிருந்து வந்தது. கிறுக்கு விரித்த பாயில் உட்கார்ந்தது. ஆனால் அது நம்மிடம் இத்தனை காலம் தங்கியிருப்பதற்குக் காரணம் மொழி இல்லை. ஒருவரைக் கிராக்கு என்று சொல்லிவிட்டால், "ஏன்?" என்று கேட்கும் சிரமம் நமக்கு மிச்சமாகிறது. நான் கேட்பதற்கு மாம்பலத்திலிருந்து கோடம்பாக்கம் வரும் நேரம்தான் ஆயிற்று. எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஆறு வருஷம் ஆயிற்று.

அன்று மாலை திரும்பும்போது கூட்டம் நெரிந்தது. சானடோரியத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். காய்கறிப் பையோடு, குழந்தையோடு, வீட்டு நினைப்போடு. ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. வண்டி கிளம்பியது. அக்கம்பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, நானும் மெல்லச் சொன்னேன்: "வரட்டுமா, சானடோரியம்?"